எட்டுப் பாகத்துத் தண்ணீர்

சிவப்பாக இருக்கும் தண்ணீர் ஒரே ஒரு சொட்டில் பளீரென்று நீலமாக மாறும் பாருங்கள், அதைப் பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பார்த்துவிடுகிறேன். இன்னும் அலுக்கவில்லை. தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. கண்ணாடிக் குழாயில் மருந்தை நிரப்பி, கீழே குடுவையைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறும் நொடியில் நிறுத்தினால் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று குழாயே சொல்லிவிடும். ஒரு சொட்டு கூடினாலும் தப்பு. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த ஒரு சொட்டில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் ஆலையில் ஆளே கிடையாது.

பாய்லருக்குக் கால்சியம் ஜென்ம விரோதி. கொஞ்சம் உள்ளே போனாலும் குழாயெல்லாம் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே கால்சியத்தைக் கண்டாலே துரத்து, இதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது, நானும் கற்றுக்கொண்டது. இப்படிப்பட்டவள் போயும் போயும் பவளம் வளர்க்க ஆசைப்பட்டேன். பவளம் கால்சியத்தை உறிஞ்சித்தான் உடம்பையே கட்டுகிறது.

சென்னையில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குத் தோழி ஒருத்திக்குத் துணையாகப் போயிருந்தேன். அங்கே ஒரு தொட்டியில் ஊதாவும் பச்சையுமாகப் பவளங்கள் விரல் விரித்து ஆடிக்கொண்டிருந்தன. ஐயோ, நான் அங்கேயே நின்றுவிட்டேன். துணைக்குக் கூட்டிப்போனவள் என்னை இழுத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். அடுத்த மாதமே பொன்னேரியில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் இருநூறு லிட்டர் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. நான் அப்படித்தான். நினைத்தால் அன்றைக்கே நடக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். மீன்பிடிக் குடும்பம். கடல் வேண்டாம் என்று ஆலைக்கு வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தொட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நானே கடலு வோணாம்னு ஓடியாந்தவன். நீ இன்னாடான்னா கடல தூக்கியாந்து ஊட்டுக்குள்ள வெச்சிக்கினு கீற."

சொன்னாரே தவிர, அன்று சாயங்காலமே தன் அண்ணனுக்குப் போன் போட்டுத் தண்ணீர் கேட்டவரும் அவர்தான்.

அண்ணன் என்றால் எனக்கு மச்சாண்டார். அவர்கள் குடும்பத்தில் மச்சாண்டார் வந்தால் தம்பி பெண்டாட்டி நாற்காலியில் உட்கார மாட்டாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். நானும் 'மாமா' என்று கூப்பிட்டுத் தண்ணீர் சொம்பைக் கொடுப்பதோடு சரி. அவர் இன்னும் கடலுக்குப் போகிறவர். சொந்தப் படகு, வெளிப்பக்கம் மாட்டும் என்ஜின். பேச்சு குறைவு. பேசினால் கடலைப் பற்றித்தான் பேசுவார்.

"ஏரித் தண்ணி வோணாம்மா. மழ பெஞ்சா சப்புன்னு ஆயிடும். முகத்துவாரம் தாண்டிப் போயி எட்டுப் பாகத்துல மொண்டாறேன். அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்."

இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம். எட்டுப் பாகம் என்றால் எட்டு ஆள் ஆழமுள்ள இடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மீன் பிடித்துத் திரும்பும்போது இருபது லிட்டர் நீலக் கேன்களில் மொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தானும் கூடவே உட்கார்ந்து வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார். வெறுங்கையோடு வரமாட்டார், ஒரு பையில் இறாலோ நண்டோ இருக்கும்.

முதல் கேன் வந்த அன்று எனக்குக் காலே தரையில் இல்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, சொந்தமாக வாங்கி வைத்திருந்த கண்ணாடிக் குழாயை ஸ்டாண்டில் மாட்டி, ஆலையில் செய்வதைப் போலவே அச்சு அசலாகச் செய்தேன். பவளம் வளர்ப்பவர்கள் எல்லாருமே சொல்லும் எண் நானூற்று இருபது. ஒரு லிட்டரில் கால்சியம் அத்தனை மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் சொட்டு விட்டேன். விட்டேன். விட்டுக்கொண்டே இருந்தேன். நீலம் வருவேனா என்கிறது! கடைசியில் வந்தபோது கணக்குப் போட்டால் ஆயிரத்து இருபது.

ஆயிரத்து இருபதா! மறுபடி செய்தேன். அதே ஆயிரத்து இருபது. பாய்லர்க்காரிக்கு இதற்குமேல் யோசிக்கத் தெரியுமா? அதிகமாக இருக்கிறதா, இறக்கு. பெரிய டிரம்மில் தண்ணீரை ஊற்றி, சலவைச் சோடாவைக் கரைத்து விட்டேன். தண்ணீர் முழுக்கப் பால் போல வெளுத்தது. மறுநாள் அடியில் வெள்ளைச் சேறாகச் சுண்ணாம்பு படிந்து, மேலே தெளிவான தண்ணீர் நின்றது. துளி அமிலம் விட்டு மற்ற அளவுகளையும் சரிக்கட்டினேன். இப்போது சோதித்தால் கனகச்சிதமாக நானூற்று இருபது! நான் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடியே விட்டேன். வீட்டுக்காரர் நாஷ்டா தட்டோடு வழியில் நின்று, "இன்னா, லாட்டரி அடிச்சிட்ச்சா?" என்றார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் இதே வேலைதான். மாமா தண்ணீர் கொண்டு வருவார், நான் அதில் இருக்கும் கால்சியத்தை விரட்டிவிட்டுத் தொட்டியில் ஊற்றுவேன்.

மீன்கள் ஜோராக இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் என்னைக் கண்டால் கண்ணாடிக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் பவளம்? நம் கடலில் இருக்கும் பவளத்தைத் தொட்டால் ஜெயில்தான். நான் வாங்கியது பண்ணையில் வளர்த்து, அனுமதிச் சீட்டோடு வந்த துண்டு. முதல் துண்டு ஒரு மாதத்தில் வெளுத்து, எலும்பாக நின்றது. இரண்டாவது இருபது நாள்கூடத் தாங்கவில்லை. தண்ணீரின் உப்பு சரி, சூடு சரி, வெளிச்சம் சரி, கால்சியமோ நான் கையால் இறக்கி வைத்த நானூற்று இருபது. பிறகு ஏன் சாகிறது? பன்னிரண்டு வருஷம் தண்ணீரோடு குடும்பம் நடத்தியவள் நான், கட்டைவிரல் அளவுள்ள ஒரு உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்கு மட்டுகூட இல்லை. சனிக்கிழமை மாமா கேன்களை இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பவளம் செத்துக் கிடந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மாமா, மெய்யாலுமே இத எட்டுப் பாகத்துல தான் மொண்டீங்களா?"

"ஆமாம்மா. பின்ன?"

"எட்டுப் பாகத்துத் தண்ணில இம்மாம் சுண்ணாம்பு இருக்கவே இருக்காது. நீங்க முகத்துவாரத்துச் சிப்பி மேட்டாண்டயே மொண்டுக்கினு வந்துர்றீங்க. அலுப்பா இருந்தா அலுப்பா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க, எதுக்குப் பொய் சொல்றீங்க?"

மாமாவின் முகம் சிவக்கவில்லை, கறுக்கவில்லை. கையில் இருந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கடல்மேல நின்னு பொய் சொல்ல மாட்டேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறால் பை வாசலிலேயே கிடந்தது.

வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. பேச்சையே குறைத்துவிட்டார். உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான். இரண்டு மாதம் மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை, போனும் வரவில்லை. நான் வீம்புக்காரி. விட்டுக்கொடுப்பேனா? மூன்றாவது பவளம் வாங்கி வந்தேன். ஊதாக் கிளை, நுனியில் மட்டும் வெள்ளை. இனிமேல் கடல் தண்ணீரே வேண்டாம், கடையில் விற்கும் பவளத் தொட்டி உப்பைச் சுத்தத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இது பிழைத்தால் மாமா சொன்னது பொய் என்று ஊரறிய நிரூபணம் ஆகிவிடும். இதுவும் செத்தால் தொட்டியை விற்றுவிடுவேன் என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன்.

அவசரப்பட்டுப் பவளத்தை முதலில் வாங்கிவிட்டேன், உப்புப் பாக்கெட் பிறகுதான் வந்தது. அதுவும் இருபது லிட்டருக்குப் போதுமான சின்னப் பாக்கெட்தான் கிடைத்தது. பெரியது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஊதாக் கிளையின் அடியில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. கீழிருந்து தோல் உரிவது போல வெள்ளை மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதல் இரண்டும் இப்படித்தான் போயின.

முதல் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு பாக்கெட்டைக் கரைத்துச் சோதனைக்கு உட்கார்ந்தேன். பாக்கெட்டின் மேல் கொட்டை எழுத்தில் கால்சியம் நானூற்று இருபது என்று போட்டிருந்தது. சொட்டு விட்டேன். விட்டேன். நீலம் வரவே காணோம். வந்தபோது ஆயிரத்து ஐம்பது.

"அடப்பாவிங்களா! பாக்கெட் போடறவனும் பொய்யா?" என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "ஆமா. எங்க அண்ணன் பொய்யி, பாக்கெட்காரன் பொய்யி. ஒலகத்துலயே நீ ஒருத்திதான் மெய்யி."

சுருக்கென்று குத்தியது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதே ஆயிரத்து ஐம்பது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆலையில் வழக்கமான சோதனை. குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே பதிவேட்டில் தேதி எழுதக் குனிந்தேன். தினமும் நான் எழுதும் அதே பதிவேடு, அதே கட்டம். கட்டத்தின் தலைப்பில் அச்சடித்திருந்தது: கால்சியம், கால்சியம் கார்பனேட் ஆக.

'ஆக.'

ஐயையோ!

என் கை அப்படியே நின்றுவிட்டது. குழாய் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருந்தது. நீலம் வந்து, தாண்டிப் போயே விட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சோதனை கெட்டுப்போனது, அதைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. நான் போட்ட கூச்சலில் பாய்லர் ஆபரேட்டர் தீயணைக்கும் உருளையோடு ஓடி வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். பாய்லர் உலகத்தில் நாங்கள் கால்சியத்தைத் தனியாக எடை போட மாட்டோம். அது சுண்ணாம்புக்கல்லாக, அதாவது கால்சியம் கார்பனேட்டாகப் படிந்தால் எவ்வளவு எடை இருக்குமோ, அந்த எடையில்தான் எழுதுவோம். குழாயில் படிவதுதானே எங்கள் கவலை? பவளம் வளர்ப்பவர்கள் வெறும் கால்சியத்தை மட்டும் எழுதுகிறார்கள். நாங்கள் வேர்க்கடலையைத் தோலோடு நிறுக்கிறோம், அவர்கள் பருப்பை மட்டும் நிறுக்கிறார்கள். என் எண்ணை இரண்டரையால் வகுத்தால் அவர்கள் எண் வந்துவிடும். பாக்கெட்டின் ஆயிரத்து ஐம்பது நானூற்று இருபதாகிவிட்டது. மாமா கொண்டு வந்த ஆயிரத்து இருபது நானூற்றெட்டு.

நானூற்றெட்டு! தங்கமான தண்ணீர்! அந்தத் தங்கத்தில் சோடாவைக் கொட்டி, பவளத்துக்குத் தேவையானதையெல்லாம் சேறாக்கிச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் நிரப்பியிருக்கிறேன். என் தொட்டியில் இருந்தது வெறும் நூற்று அறுபத்தெட்டு. இரண்டு பவளத்தையும் பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். அதோடு நில்லாமல், கொண்டு வந்து கொடுத்த மனிதனைப் பொய்யன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சந்தோஷத்தில் குதிப்பதா, வெட்கத்தில் சாவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. ஊதாக் கிளையில் வெள்ளை பாதிக்கு ஏறிவிட்டது. பெரிய உப்புப் பாக்கெட் வர மூன்று வாரம். அதுவரை தாங்காது. நல்ல தண்ணீர் இருக்கும் இடம் ஒன்றுதான்.

ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் பொன்னேரி வந்து, வீட்டுக்காரரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிப்பாரா, அடிக்க வருவாரா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"வாங்க, அண்ணனாண்ட போலாம்," என்றேன்.

"சொன்னது நீ. நீயே போ," என்றார்.

நியாயம்தானே? பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். குப்பத்தில் மாமா தன் வீட்டு வாசலில் என்ஜினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இன்னாம்மா, தம்பிக்கு எதுனா ஒடம்பு சரியில்லியா?"

"இல்ல மாமா," என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. சுண்ணாம்புக்கல், வேர்க்கடலை, இரண்டரை என்று மடமடவென்று கொட்டினேன். அவர் கையில் கிரீஸோடு பொறுமையாகக் கேட்டார். பாதிகூடப் புரிந்திருக்காது.

"இன்னாமோ சொல்ற. இப்ப அந்தப் பவளம் உயிரோட கீதா?"

"கீது மாமா. தண்ணி மாத்தலன்னா போயிடும்."

"அப்ப தண்ணி வோணும். அவ்ளோதான?" என்று வீட்டின் பின்பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

ஓலை மறைப்பின் நிழலில் நீலக் கேன்கள் வரிசையாக நின்றன. எட்டுக் கேன்கள். எல்லாம் வாய் இறுக மூடி, நிறையத் தண்ணீரோடு. ஒவ்வொன்றின் மேலும் கறுப்புப் பெயின்ட்டில் ஒரு எண் எழுதியிருந்தது. எட்டு, எட்டு, பத்து, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, பதினைந்து, இருபது.

"இன்னா மாமா இது?"

அவர் என்னைப் பார்க்காமல் கேன்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ சொன்னப்பறம் எனக்கே டவுட்டு வந்துட்ச்சிம்மா. நீ படிச்ச பொண்ணு, மிஷின வெச்சிப் பாத்து சொல்ற. நான் கயிறு உட்டு அளக்கறவன். ஒருவேள நீரோட்டம் இழுத்து, நான் எட்டுன்னு நெனச்சது எட்டு இல்லியோன்னு. அதான் சனிக்கெழம சனிக்கெழம இன்னும் கொஞ்சம் வெளிய போயி மொண்டாந்தேன். எழுதி வெச்சா நீ பாத்து எது சரின்னு சொல்லுவன்னு. கொண்டாறதுக்குத் தான் கூச்சமா இருந்திச்சி."

நான் கத்தியதற்கு அவர் திருப்பிக் கத்தியிருக்கலாம். ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்திருக்கலாம். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனிதர் தன் கயிற்றையே சந்தேகப்பட்டிருக்கிறார். என் ஒரு வார்த்தைக்காக இருபது பாகம் போயிருக்கிறார்.

"மாமா, நீங்க மொண்டது எட்டுப் பாகம்தான். தப்பு பூரா என்னுது. என்ன மன்னிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு அந்தக் கேன்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"சீ, எய்ந்திரு. அங்க அது செத்துக்கினு கீது, இங்க குந்திக்கினு அழுவுற. வா, ஆட்டோ புடிக்கலாம்," என்றார்.

எட்டுக் கேன்களும் வீட்டுக்கு வந்தன. வந்த வேகத்தில் எல்லாவற்றையும் தொட்டியில் கவிழ்க்க என் கை பரபரத்தது. கூடாது. பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த எடுப்பில் பிரியாணி போடுவது மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு கேன், அதாவது பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் மாற்ற வேண்டும். அவசரக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேன் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் சோதிப்பேன். எட்டுப் பாகமும் இருபது பாகமும் ஒரே எண்தான் காட்டின, சொட்டுக்குச் சொட்டு. தொட்டியில் நூற்று அறுபத்தெட்டு முதல் நாள் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆனது. பிறகு இருநூற்றுப் பதினான்கு. வீட்டுக்காரர் ஸ்கோர் கேட்பது போல, கதவைத் திறக்கும்போதே "எவ்ளோ?" என்பார். பேச்சு திரும்பி வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் வெள்ளை ஏறுவது நின்றது. எட்டாம் நாள் கிளை விரல்களை விரித்தது. அடுத்த வாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை எலும்பின் விளிம்பில் நூல் பருமனுக்கு ஊதாத் தோல் கீழ்நோக்கி இறங்கியிருப்பதைக் கண்டேன். வளர்கிறது! கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டேன். கரைக்கு வந்துகொண்டிருந்தார், என்ஜின் சத்தம் கேட்டது.

"மாமா, வளருது! உங்க தண்ணில வளருது!"

"இன்னாது? கேக்கல!"

"வளருது மாமா!"

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தார். கேன்களை இறக்கிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்தார். நான் காட்டிய இடத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத்தினியூண்டா? நான் இன்னாமோ மரம் கணக்கா இருக்கும்னு நெனச்சேன்," என்று சிரித்தார். அவர் சிரித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

புறப்படும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அப்ப இனிமே எத்தினி பாகத்துல மொள்ளட்டும்மா?"

"உங்களுக்குத் தெரியும் மாமா. நான் கேக்க மாட்டேன்," என்றேன்.